குவிந்த துணை ஆடியைச் சோதிப்பது எப்படி? 250 மி.மீ. காசிகிரேன் தொலைநோக்கி

பதிவு 1 (இழை தொடங்கியவர்)

250 மி.மீ. விட்டமும் 1000 மி.மீ. குவியத் தூரமும் கொண்ட முதன்மை ஆடியைத் தேய்த்து, மெருகேற்றி, ஃபூக்கோ கத்திமுனைச் சோதனையின் துணையோடு பரவளையமாக்கி முடித்துவிட்டேன். இனி அதைக் காசிகிரேன் தொலைநோக்கியாக்க வேண்டும், அதாவது முதன்மை ஆடி குவிக்கும் ஒளியை முன்னால் நிற்கும் சிறிய குவிந்த துணை ஆடி பின்னோக்கித் திருப்பும். என் கணக்கின்படி துணை ஆடி முதன்மைக் குவியத்துக்கு 250 மி.மீ. முன்பாக நிற்கும், பெருக்கம் (துணை ஆடி குவியத் தூரத்தை நீட்டும் மடங்கு) 4. இறுதிக் குவியம் துணை ஆடியிலிருந்து 1000 மி.மீ. தொலைவில், அதாவது முதன்மை ஆடியின் முகப்புக்கு 250 மி.மீ. பின்னால் விழும். மொத்தக் குவியத் தூரம் 4000 மி.மீ., அதாவது விட்டத்தைப் போல 16 மடங்கு, எஃப்/16. துணை ஆடியின் வளைவு ஆரம் 666.7 மி.மீ., காட்சிப் புலத்துக்குச் சற்று இடம் விட்டு அதன் விட்டம் 68 மி.மீ. பெருக்கம் 4 என்றால் கூம்பு மாறிலி (பரப்பின் வடிவத்தைக் குறிக்கும் எண்; கோளத்துக்கு 0, பரவளையத்துக்கு –1) –2.78, அதாவது அதிபரவளையம்.

என் சிக்கல் சோதனையில்தான் இருக்கிறது. குழி ஆடியாக இருந்தால் வளைவு மையத்தில் விளக்கை வைத்ததும் ஒளி அங்கேயே திரும்பி வந்து கத்திமுனையில் குவியும். குவி ஆடியோ ஒளியை விரித்துவிடுகிறது. கத்தியை வைக்க ஓர் இடமே கிடைப்பதில்லை. ஒரே ஒரு தொலைநோக்கியைத் தனியாளாகச் செய்கிற ஒருவருக்கு எந்தச் சோதனை ஏற்றது என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.

பதிவு 2

முதன்மை ஆடி முடிந்துவிட்டது என்று நீங்கள் சொல்வதால் தயங்கித்தான் இதை எழுதுகிறேன். டால்–கிர்க்ஹாம் அமைப்பைப் பற்றி யோசித்தீர்களா? ஹோரஸ் டால் 1928-இல் வகுத்த அமைப்பு இது. ஆலன் கிர்க்ஹாமுடன் நடந்த உரையாடலை ஒட்டி 1930-இல் சயன்டிஃபிக் அமெரிக்கன் இதழில் வந்த கட்டுரைக்குப் பிறகு இருவர் பெயரும் சேர்ந்து நிலைத்தது. இதில் துணை ஆடி வெறும் கோளம். வளைவு முழுவதையும் முதன்மை ஆடியே சுமக்கிறது, அதுவும் பரவளையத்தை எட்டாத நீள்வட்ட வளைவாக. உங்கள் அளவுகளுக்கு முதன்மை ஆடியின் கூம்பு மாறிலி –0.71 வரும். கோளத்துக்கும் பரவளையத்துக்கும் இடையிலுள்ள வழியில் எழுபது விழுக்காட்டிலேயே நின்றுவிடலாம் என்பது இதன் பொருள்.

உங்கள் ஆடி அந்த இடத்தைத் தாண்டிவிட்டது. ஆனாலும் திரும்பி வர வேண்டிய தொலைவு அதிகமில்லை. கோளத்திலிருந்து பரவளையத்துக்கு வர நீங்கள் நீக்கிய கண்ணாடியின் ஆழம், மையமும் விளிம்பும் தொடும் கோளத்தை அடிப்படையாக வைத்தால், 0.95 மைக்ரான். அதில் முப்பது விழுக்காடு 0.28 மைக்ரான். முழு அளவு மெருகுத் தட்டில் ஆடியை மெல்லக் கோளத்தை நோக்கித் திருப்பினால் கைக்கு எட்டும் அளவுதான் அது. எளிதாகச் சோதிக்கக்கூடிய பெரிய குழி ஆடியில் உழைப்பைச் செலவிட்டுவிட்டு, சோதிக்கக் கடினமான சின்னக் குவி ஆடியைக் கோளமாகவே விட்டுவிடுவது தனியாளுக்குப் பெரிய விடுதலை.

இன்னொரு நன்மையும் உண்டு. கோளத்துக்குத் தனக்கென்று ஓர் அச்சு கிடையாது. துணை ஆடி சற்றுப் பக்கவாட்டில் நகர்ந்தால், அது சற்றுச் சாய்ந்ததற்கு ஒப்பானது. திருகுகளைத் திருப்பியே சரிசெய்துவிடலாம்.

பதிவு 3 (இழை தொடங்கியவர்)

மிக்க நன்றி. டால்–கிர்க்ஹாமில் கோமா (புலத்தின் நடுவைவிட்டு விலகிய விண்மீன்கள் வால் முளைத்ததுபோல் தெரியும் பிறழ்ச்சி) அதிகம் என்று கேள்விப்பட்டேன். எவ்வளவு அதிகம்? கோளமாகவே இருந்தாலும் அந்தக் குவி ஆடியையும் எப்படியாவது சோதித்தாக வேண்டுமே?

பதிவு 4

கோமாவுக்கு முதலில் விடை. உங்கள் அளவுகளில் டால்–கிர்க்ஹாமின் கோமா, அதே எஃப்/16 காசிகிரேனின் கோமாவைப் போல எட்டு மடங்குக்குச் சற்று மேல். பயமுறுத்தும் எண்தான். ஆனால் எஃப்/16-இன் கோமா மிகச் சிறியது. எட்டு மடங்கானாலும் அதே விட்டமுள்ள எஃப்/5.6 நியூட்டன் தொலைநோக்கியில் காண்பதுதான் கிடைக்கும். கோள்களையும் இரட்டை விண்மீன்களையும் புலத்தின் நடுவில் வைத்துப் பார்ப்பவருக்கு இது ஒரு குறையே அல்ல. நிலவை முழுதாகப் படமெடுக்க விரும்புபவர் மட்டும் யோசிக்க வேண்டும்.

இப்போது சோதனை. குவி ஆடியைத் தனியே தேய்க்காதீர்கள். இரண்டு கண்ணாடி வட்டுகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்துச் சோடியாகத் தேயுங்கள். கீழே உள்ளது குவிந்துகொண்டே போகும், மேலே உள்ளது குழிந்துகொண்டே போகும். கார்போரண்டத்தின் சொரசொரப்பான பொடியில் தொடங்கி நுண்ணிய அலுமினியம் ஆக்சைடு வரை இருவரும் ஒரே ஆரத்தைப் பகிர்ந்துகொள்வார்கள். பிறகு தனித்தனிப் பிட்ச் (கீல் போன்ற பிசின்) தட்டுகளில், சீரியம் ஆக்சைடு கொண்டு இரண்டையும் மெருகேற்றுங்கள். குழிந்த வட்டை அதன் வளைவு மையத்தில் ஃபூக்கோ சோதனைக்கு உட்படுத்தி, கத்தி உள்ளே வரும்போது முகம் முழுவதும் ஒரே சமயத்தில் மங்குகிற நல்ல கோளமாக்கிவிடுங்கள். அதுவே உங்கள் அளவுத் தட்டு.

அதன்மேல் குவி ஆடியை வைத்து ஒரே நிற ஒளியில் பார்த்தால் இரண்டு பரப்புகளுக்கும் இடையிலுள்ள காற்றுப் படலம் கரும் பட்டைகளாக, அதாவது நியூட்டன் வளையங்களாகத் தெரியும். சோடியம் ஆவி விளக்கின் 589 நானோமீட்டர் மஞ்சள் ஒளி இதற்கு மிகவும் வசதி. பாதரச விளக்கின் 546 நானோமீட்டர் பச்சையும் ஆகும். ஒரு பட்டைக்கும் அடுத்த பட்டைக்கும் இடையே காற்று இடைவெளி அரை அலைநீளம் மாறுகிறது. பரப்பில் உள்ள பிழை, ஒளி பட்டுத் திரும்பும்போது அலை முகப்பில் இரட்டிப்பாகும் என்பதை மறந்துவிடக் கூடாது: பட்டை தன் இடைவெளியில் கால்வாசி வளைந்திருந்தால் பரப்பில் எட்டில் ஓர் அலை, அலை முகப்பில் நாலில் ஓர் அலை.

வட்டுகளைச் சேர்க்கும் முன் மென்மையான தூரிகையால் இரண்டையும் துடையுங்கள். ஒரே ஒரு தூசி மாட்டிக்கொண்டால், மொத்தப் படலமும் ஆப்பு வடிவாகிப் பட்டைகள் நெருக்கமான கோடுகளாகிவிடும். அந்த நிலையில் வட்டைப் பிடித்து நகர்த்தினால் கீறல் நிச்சயம். தூக்கி எடுத்து, மறுபடி துடைத்து, மறுபடி வையுங்கள். சேர்த்த பிறகு கையை எடுத்துவிட்டு அரை மணி நேரமாவது காத்திருக்க வேண்டும். விரல் பட்ட இடத்தில் கண்ணாடி உப்பியிருப்பதும், பட்டைகள் அங்கே ஒரு பக்கமாக ஒதுங்கியிருப்பதும், பிறகு அவை மெல்ல மெல்லத் தங்கள் இடத்துக்கு ஊர்ந்து திரும்புவதும் கண்ணுக்கே தெரியும். அந்த ஊர்தல் நின்ற பிறகு காண்பதுதான் ஆடியின் உண்மையான வடிவம்.

மேடு எங்கே, பள்ளம் எங்கே என்ற ஐயத்துக்கும் எளிய வழி உண்டு. நேர் மேலிருந்து பார்த்துக்கொண்டே தலையைத் தாழ்த்துங்கள். பட்டைகள் எப்போதும் இடைவெளி கூடுதலாக உள்ள பக்கமாக நகரும். வளையங்கள் விரிந்தால் மையம் தொடுகிறது, விளிம்பில் இடைவெளி. சுருங்கினால் விளிம்பு தொடுகிறது, மையத்தில் இடைவெளி.

பதிவு 5 (இழை தொடங்கியவர்)

மிகவும் தெளிவாக இருக்கிறது. முடித்த பரவளையத்தை மாற்ற மனம் வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். இதே கோள அளவுத் தட்டைக் கொண்டே அதிபரவளையத்தையும் எட்ட முடியுமா? கோளத்திலிருந்து அது எவ்வளவு விலகுகிறது என்பதைப் பட்டைகளாக எண்ணிவிட்டால் போதாதா?

பதிவு 6

உங்கள் ஆடியைப் பொறுத்தவரை முடியும், ஏனெனில் விலகல் சிறியது. மையத்தையும் விளிம்பையும் தொடும் கோளத்தோடு ஒப்பிட்டால், விட்டத்தின் எழுபது விழுக்காட்டு வளையத்தில் 0.39 மைக்ரான் ஆழமான ஒரு மிக மெல்லிய பள்ளம்தான் உங்கள் அதிபரவளையம். சோடியம் ஒளியில் அது ஒன்றே கால் பட்டைக்குச் சற்று மேல், துல்லியமாகச் சொன்னால் 1.33 பட்டை. அந்தக் கோளத்தின் ஆரம் 667.9 மி.மீ. இருக்க வேண்டும்; பள்ளம் விழுந்ததும் ஆடியின் மைய ஆரம் தானாகவே 666.7-க்கு வந்துவிடும்.

ஆடி முடிந்த நிலையில் என்ன தெரியும் என்று முன்கூட்டியே கணக்கிட்டு வைத்துக்கொள்ளலாம். மையத்தில் கருமை, விளிம்பில் கருமை, இடையில் இரண்டு கரு வளையங்கள்: ஒன்று மையத்திலிருந்து 17 மி.மீ. தொலைவில், மற்றது 29.4 மி.மீ. தொலைவில். இந்த ஆரங்களில் ஒரு தாளில் வட்டங்கள் வரைந்து பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வளைவு ஆரம் சற்று மாறிப்போயிருந்தால் வளையங்களின் எண்ணிக்கை கூடும் அல்லது குறையும்; அந்த மாற்றத்தைத் துணை ஆடியைக் கொஞ்சம் முன்பின் நகர்த்தி ஈடுகட்ட முடியும் என்பதால், அதைக் கழித்துவிட்டு வடிவத்தை மட்டும் மதிப்பிட வேண்டும்.

இந்த வழியின் எல்லை பட்டையைப் படிக்கும் கண்ணில் இருக்கிறது. பட்டையின் ஐந்தில் ஒரு பங்கை நம்பிக்கையாகப் படிப்பவருக்கு அலை முகப்பில் ஏறக்குறைய ஐந்தில் ஓர் அலை வரை உறுதி கிடைக்கும். அதற்கு மேல் வேண்டுமென்றால் குழிந்த தட்டையே அதிபரவளையமாக்கிவிடுங்கள். குழிப் பரப்பு என்பதால் ஃபூக்கோ சோதனை அதற்குத் தடையின்றிச் செல்லும். விளக்கும் கத்தியும் சேர்ந்து நகரும் அமைப்பில் மையத்துக்கும் விளிம்புக்கும் இடையே 2.41 மி.மீ. வேறுபாடு வர வேண்டும். பிறகு குவி ஆடியை அந்தத் தட்டோடு பட்டைகள் நேர்கோடாகும் வரை பொருத்துவதுதான் வேலை. உழைப்பு இரட்டிப்பு என்பது உண்மை, ஆனால் கணக்கு இல்லாத சோதனை இது.

பதிவு 7

ஹிண்டில் சோதனையை யாரும் சொல்லாமல் விட்டது எனக்கு வருத்தம். ஜே. எச். ஹிண்டில் 1931-இல் வெளியிட்ட இந்த முறை, அதிபரவளையத்தின் இரண்டு குவியங்களையும் அப்படியே பயன்படுத்திக்கொள்கிறது. தொலைநோக்கியில் இறுதிக் குவியம் விழும் இடத்தில், உங்களுக்கு 1000 மி.மீ. தொலைவில், விளக்கை வையுங்கள். குவி ஆடி அந்த ஒளியை, தனக்குப் பின்னால் 250 மி.மீ. தொலைவிலுள்ள மறு குவியத்திலிருந்து வருவதுபோல் விரிக்கும். அந்த மறு குவியத்தில் தன் வளைவு மையம் இருக்குமாறு ஒரு குழிந்த கோள ஆடியை முன்னால் நிறுத்தினால், கதிர்கள் எல்லாம் அதன்மேல் செங்குத்தாகப் பட்டு வந்த வழியே திரும்பும். குவி ஆடி சரியான அதிபரவளையமாக இருந்தால், கத்திமுனையில் முகம் முழுவதும் ஒரே சீராக மங்கும். எண்ண வேண்டியதில்லை, கழிக்க வேண்டியதில்லை. ஒளி குவி ஆடியில் இரண்டு முறை படுவதால் பரப்பின் பிழை அலை முகப்பில் நான்கு மடங்காகத் தெரியும். கோள ஆடியின் பிழையோ இரண்டு மடங்குதான்.

கோள ஆடிக்கு நடுவில் துளை வேண்டும், விளக்கின் ஒளி அதன் வழியாகத்தான் வர வேண்டும். அந்த ஆடி எவ்வளவு பெரியது என்பதுதான் எல்லாரையும் பின்வாங்கச் செய்கிறது. முதன்மை ஆடி நிற்கும் இடத்திலேயே அதை வைத்தால் 272 மி.மீ. விட்டம் தேவைப்படும், உங்கள் முதன்மை ஆடியைவிடப் பெரியது. அருகில் கொண்டு வந்தால் விட்டம் குறையும், ஆனால் துளை பெரிதாகி, குவி ஆடியின் நடுப்பகுதி சோதனையில் தெரியாமல் போகும். இந்த இழுபறியில் ஒரு நல்ல இடம் இருக்கிறது. உங்கள் தொலைநோக்கியில் துணை ஆடியின் நிழல் எப்படியும் விட்டத்தில் 27 விழுக்காட்டை மறைக்கப்போகிறது. அந்த அளவுக்கு நடுப்பகுதி சோதனையில் தெரியாவிட்டால் நட்டமில்லை. கோள ஆடியைக் குவி ஆடியிலிருந்து 360 மி.மீ. தொலைவில் வையுங்கள். ஆரம் 610 மி.மீ., விட்டம் 166 மி.மீ., துளை 44 மி.மீ. போதும், மறைவது 26 விழுக்காடு.

துளையை மெருகேற்றுவதற்கு முன்பே பின்பக்கத்திலிருந்து முக்கால்வாசி ஆழம் வெட்டி, வெட்டை நிரப்பி, கோளத்தை முடித்த பிறகு மீதியை வெட்டி எடுங்கள். பிறகு கோள ஆடிக்கு அலுமினியம் பூசியே ஆக வேண்டும். பூச்சில்லாத கண்ணாடி, பட்ட ஒளியில் நான்கு விழுக்காட்டைத்தான் திருப்பும். குவி ஆடியில் இரண்டு முறை பட்டாலே ஆயிரத்தில் ஒன்றரைப் பங்குதான் மிஞ்சுகிறது. கோள ஆடியும் பூச்சில்லாமல் இருந்தால் கத்திமுனையில் பார்க்க ஒன்றும் இருக்காது.

பதிவு 8

கோள ஆடியும் இல்லாமல், அளவுத் தட்டும் இல்லாமல் ஒரு வழி இருக்கிறது, ஆனால் வடிவமைப்பைக் கொஞ்சம் வளைக்க வேண்டும். ஒரு பக்கம் தட்டையாகவும் மறு பக்கம் குவிந்த அதிபரவளையமாகவும் உள்ள வில்லை, அதன் கூம்பு மாறிலி ஒளிவிலகல் எண்ணின் வர்க்கத்துக்கு எதிர்க்குறியோடு சமமாக இருந்தால், கோளப் பிறழ்ச்சி சிறிதும் இல்லாமல் ஒளியைக் குவிக்கும். பிகே7 கண்ணாடிக்குச் சிவப்பு லேசர் ஒளியில் ஒளிவிலகல் எண் 1.515, ஆகவே கூம்பு மாறிலி –2.295. இது பெருக்கம் 4.88 உள்ள காசிகிரேனுக்குத் தேவையான அதே எண். துணை ஆடியை முதன்மைக் குவியத்துக்கு 213 மி.மீ. முன்னால் வைத்தால் இறுதிக் குவியம் இப்போதுள்ள இடத்திலேயே விழும், எஃப்/19.5 ஆகும், நிழலும் சிறுக்கும். வில்லையாகப் பார்த்தால் அதன் குவியம், ஆடியாகப் பார்த்தால் இறுதிக் குவியம் விழும் அதே புள்ளியில் வருகிறது என்பது எனக்கு மிகவும் பிடித்த பொருத்தம். விளக்கை அங்கே வைத்தால், ஒளி குவிந்த முகத்தில் விலகி இணைகதிராகி, தட்டையான பின்பக்கத்தில் பட்டு, அதே வழியில் திரும்பிக் கத்திமுனைக்கு வரும்.

பதிவு 9

எட்டாம் பதிவின் முறை அழகானது, மறுக்கவில்லை. ஆனால் அதன் உணர்திறனைக் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். குவிந்த முகத்தின் பிழை, ஒளி இரண்டு முறை விலகிச் செல்வதால், அலை முகப்பில் ஒரு மடங்காகத்தான் தெரியும். ஹிண்டில் சோதனையில் நான்கு மடங்கு. தொலைநோக்கியில் ஆடியாகப் பயன்படும்போது இரண்டு மடங்கு. அதாவது சோதனையில் தெரியும் பிழை, வானைப் பார்க்கும்போது இரட்டிப்பாகும். பின்பக்கத்தின் பிழையோ கண்ணாடிக்கு உள்ளிருந்து பட்டுத் திரும்புவதால் மூன்று மடங்காகத் தெரிகிறது. ஒருபோதும் வானைப் பார்க்கப்போகாத பின்பக்கத்தை, வானைப் பார்க்கும் முன்பக்கத்தைவிடத் துல்லியமாகச் செய்ய வேண்டியிருக்கிறது.

தனியாக ஒரு நல்ல சமதள ஆடி வைத்திருப்பவர் அதைப் பின்னால் நிறுத்தினால் பின்பக்கத்தின் தாக்கம் ஒரு மடங்காகக் குறையும். கண்ணாடியும் உள்ளே சீராக இருக்க வேண்டும். பைரெக்ஸில் உள்ள வரிகள் இந்தச் சோதனையைக் கெடுத்துவிடும். பெருக்கத்தை 4 ஆகவே வைத்துக்கொள்ள விரும்பினால் ஒளிவிலகல் எண் 1.67 அளவில் வேண்டும், எஸ்எஃப்5 போன்ற கனமான கண்ணாடிக்குப் போக வேண்டியிருக்கும். வெப்பத்துக்கு அது பிகே7-ஐவிட நன்றாக நடந்துகொள்ளும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

பதிவு 10

இவ்வளவு ஏற்பாடும் எதற்கு? குவி ஆடியைக் கோளமாக மெருகேற்றி, தொலைநோக்கியில் பொருத்தி, துருவ விண்மீனை நோக்கித் திருப்பி, இறுதிக் குவியத்தில் ரோஞ்சிக் கம்பிவலையை (நெருக்கமான இணைகோடுகள் கொண்ட தட்டு) வைத்துக் கோடுகளைப் பாருங்கள். கோடுகள் நேராகும் வரை துணை ஆடியைத் திருத்துங்கள். துருவ விண்மீன் ஏறக்குறைய நகராமல் நிற்கும். விலையில்லாத இணைகதிர் விளக்கு. மொத்தத் தொலைநோக்கியும் நன்றாக இருந்தால் போதும், தனித்தனி ஆடிகளைப் பற்றிக் கவலைப்படுவது எதற்கு?

பதிவு 11

கடைசிச் சோதனையாக இதைவிடச் சிறந்தது இல்லை. ஒரே சோதனையாக வைத்துக்கொள்வதில்தான் எனக்கு உடன்பாடில்லை. முதன்மை ஆடியில் ஒரு வளையப் பிழை இருந்தால், அதன் எதிர்ப்பிழையைத் துணை ஆடியில் செதுக்கிவிடுவீர்கள். கோடுகள் நேராகும், ஆனால் இரண்டு கெட்ட ஆடிகள் ஒன்றையொன்று தாங்கிக்கொண்டிருக்கும். புலத்தின் நடுவைவிட்டு விலகினாலும், ஒன்றை மட்டும் மாற்ற நேர்ந்தாலும் அந்த உடன்படிக்கை உடைந்துவிடும். அஸ்டிக்மாட்டிசத்தையாவது (இரு குறுக்குத் திசைகளில் வெவ்வேறு தொலைவில் குவியும் பிறழ்ச்சி) துணை ஆடியைத் தொண்ணூறு பாகை திருப்பி, அது கூடவே திரும்புகிறதா என்று பார்த்துப் பிரித்துவிடலாம். வளையப் பிழை அச்சைச் சுற்றி ஒரே மாதிரி இருப்பதால் எவ்வளவு திருப்பினாலும் யாருடையது என்று தெரியாது.

ஒற்றைச் சோதனையை நம்புவதன் விளைவை ஹபிள் தொலைநோக்கியைவிட நன்றாக எதுவும் காட்டாது. சோதனைக் கருவியில் ஒரு வில்லை 1.3 மி.மீ. இடம் மாறியிருந்ததால் முதன்மை ஆடியின் விளிம்பு 2.2 மைக்ரான் கூடுதலாகத் தட்டையாகியது. 1990-இல் விண்ணுக்குப் போன பிறகுதான் அது வெளிப்பட்டது. அதற்கு முன்பே எளிமையான வேறு சோதனைகள் பிழையைக் காட்டியிருந்தன, அவை குறைந்த துல்லியமுள்ளவை என்று ஒதுக்கப்பட்டன. ஆகவே அளவுத் தட்டில் முடியுங்கள், விண்மீனில் சரிபாருங்கள். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால், காரணம் தெரியும் வரை எந்த ஆடியையும் தொடாதீர்கள்.

பதிவு 12 (இழை தொடங்கியவர்)

எல்லாருக்கும் நன்றி. முதன்மை ஆடியைப் பரவளையமாகவே விட்டுவிடுகிறேன். பெருக்கம் 4. இரண்டு வட்டுகளையும் சோடியாகத் தேய்த்து 667.9 மி.மீ. ஆரமுள்ள கோளங்களாக்கி, ஆறாம் பதிவில் சொன்ன 17, 29.4 மி.மீ. வளையங்களை இலக்காக வைத்து அதிபரவளையத்துக்குப் போகப்போகிறேன். பிறகு துருவ விண்மீனில் ரோஞ்சிச் சோதனை. பட்டைகளைப் போதுமான அளவுக்குப் படிக்க முடியவில்லை என்றால் 166 மி.மீ. ஹிண்டில் ஆடியைச் செய்வேன். எழுபது விழுக்காட்டு வளையத்தில் மட்டும் கண்ணாடியை நீக்குவது எப்படி என்பதை யாராவது சொல்ல வேண்டும்.

பதிவு 13

வட்டை 74 மி.மீ. விட்டத்தில் எடுத்துக்கொள்ளுங்கள். குவி ஆடிகளில் விளிம்புச் சரிவு எளிதில் வரும். வந்தாலும் வெளி 3 மி.மீ. பிடிவளையத்தின் அடியில் மறைந்துவிடும். நிழல் 30 விழுக்காடாகக் கூடுவதை ஏற்றுக்கொள்ளலாம். முதலில் முழு அளவு தட்டில் நல்ல கோளம் வர வேண்டும். அதற்குப் பிறகு இன்னொரு தட்டு செய்து, மையத்திலும் விளிம்பிலும் பிட்சைச் செதுக்கி எடுத்து, எழுபது விழுக்காட்டு வளையத்தில் அகலமாகவும் இருபுறமும் ஒடுங்கியும் இருக்கும் இதழ்களாக வெட்டுங்கள். மிகக் குறுகிய வீச்சு, குறைந்த அழுத்தம், ஒவ்வொரு சுற்றுக்கும் ஆடியைத் திருப்புதல். நீக்க வேண்டியது அரை மைக்ரானுக்கும் குறைவு. சில நிமிடங்கள் மெருகேற்றி, கழுவி, குளிரவிட்டு, தட்டில் வைத்துப் பார்ப்பதுதான் முறை.

வளையங்களைப் படிக்கும்போது வெளி வளையத்தைக் கவனியுங்கள். அது 29.4 மி.மீ.-க்கு உள்ளே நின்றால் விளிம்புப் பகுதி இன்னும் உயரமாக இருக்கிறது. இதழின் அகன்ற பகுதியைச் சற்று வெளியே தள்ளி வேலை செய்யலாம். அது 29.4-ஐத் தாண்டி வெளியே போய்விட்டால் விளிம்பு சரியத் தொடங்கிவிட்டது. அப்போது இதழ்த் தட்டில் தொடர வேண்டாம். முழுத் தட்டுக்குத் திரும்பி, கோளத்தை மீட்டுவிட்டு மறுபடி தொடங்குங்கள்.